கிளிஞ்சல்தீவு போட்ட ஒரே கோல்

நான் சொல்வதை நீங்கள் நம்பியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிளிஞ்சல்தீவுக்காரர்கள் நம்புகிறார்கள், இந்தக் கதைக்கு அது போதும்.

கடலில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால், இதற்குமேல் ஒன்றும் இல்லை என்று கப்பல்காரன் அலுத்துப்போகிற இடத்தில் கிளிஞ்சல்தீவு இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் சரக்குக் கப்பலில் நான் சமையல்காரன். ஒரு காலத்தில் மலாயாவுக்குப் பிழைக்கப் போன பாய்மரக் கப்பல் ஒன்று வழிதவறி இங்கே தரைதட்டியது. இறங்கியவர்கள் இதுதான் மலாயா என்று குடியேறிவிட்டார்கள். இல்லை என்று யாராவது வந்து சொல்வதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பிற்பாடு வெள்ளைக்காரன் சுற்றுவட்டாரத் தீவுகளுக்கெல்லாம் சுதந்திரம் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது, இதற்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். அப்படியாக அது ஒரு நாடு. கொடி உண்டு, ஜனாதிபதி உண்டு, அவரே தபாலும் கொடுப்பார். கால்பந்து அணி ஒன்றும் உண்டு.

அணி என்றால் பதினோரு பேர். தீவில் ஓடக்கூடிய ஆண்கள் மொத்தமே அவ்வளவுதான் என்பதால் ஆள் பொறுக்குவதில் சண்டை வந்ததில்லை. தலைவர் ராயப்பன், வலை பின்னுகிறவர், நாற்பதைத் தாண்டிய மனிதர், முழங்கால் நடக்கும்போது சத்தம் போடும். கோல்கீப்பர் சந்தியாகு, அவருடைய மச்சினன். மூன்றாவதாக நெய்னா. அவர்தான் அணியின் மூளை. எந்தச் சிக்கலானாலும் அவரைக் கேட்பார்கள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு பதில் சொல்வார். அதற்குப் பிறகு சிக்கல் இரண்டாகிவிடும்.

கதைக்குள் போவதற்குமுன் இந்தத் தீவின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வீடுகளுக்கு நிலை உண்டு, கதவு கிடையாது. வாசலுக்கு வந்தது எதுவானாலும் தடுக்கக்கூடாது. "வாங்க" என்று சொல்லி வழிவிட்டு நிற்க வேண்டும். அதோடு முடியாது. வந்துபோனவர் வீட்டுக்குப் பதிலுக்கு நாமும் ஒரு தடவை போய்வர வேண்டும். போகாமல் இருந்துவிட்டால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. ராயப்பனின் சித்தப்பா ஒருவர், அடுத்த வீட்டு ஆடு தன் வீட்டுக்குள் வந்துபோனதற்காக, ஒரு நல்ல நாள் பார்த்து அதன் கொட்டிலுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஆடும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது என்று திரும்பி வந்து சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளிஞ்சல்தீவு அணி பிறந்த நாளிலிருந்து ஒரு கோல்கூடப் போட்டதில்லை. தோற்பதைப் பற்றி அவர்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வருஷம் தீவு நாடுகளின் கால்பந்துச் சங்கத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் கப்பலில் வந்து இறங்கினார். "அடுத்த ஆட்டத்திலாவது ஒரு கோல் போடணும். இல்லைன்னா சங்கத்திலிருந்து உங்க நாட்டுப் பேரை எடுத்துடுவோம். அப்புறம் உங்ககூட யாரும் ஆட வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ராயப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், அந்த மனுஷனுக்குக் கால்பந்தைத் தவிர வேறு ஆசையே கிடையாது. கல்யாணத்தன்றுகூட ஒரு ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டுத்தான் தாலி கட்டப் போனார். அவருடைய மனைவி சவேரியம்மா மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே, "ஜெயிக்கவெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் நீங்க தோத்துட்டு வந்தாலும் நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்" என்றாள். ராயப்பன் எழுந்து கடற்கரைக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தார். நான் பார்த்தேன், ஆனால் பார்க்காத மாதிரி மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

இவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஜெபநேசன் என்று ஒருவர் அதே கப்பலில் வந்திருந்தார். நல்ல மனுஷன். கழுத்தில் விசில், இடுப்பில் கை. இப்போது அவருக்குத் தலை முழுக்க நரை. வரும்போது கருகருவென்று இருந்ததை நானே பார்த்தேன்.

முதல் நாளே அவர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். "பந்துல கை படக்கூடாது. என்ன ஆனாலும் சரி, கை படக்கூடாது. புரிஞ்சுதா?"

எல்லோருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் பந்து உருண்டு போய் ஊர்க் கிணற்றில் விழுந்தது. பதினோரு பேரும் கிணற்றைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இறங்கி எடுத்துடலாம்" என்றார் சந்தியாகு.

"எடுக்கிறதுன்னா கையாலதானே எடுக்கணும்?" என்றார் ராயப்பன்.

"வாளியை விட்டுத் தூக்கினா?"

நெய்னா தாடையைச் சொறிந்தார். "வாளியைக் கையாலதானே பிடிக்கிறோம்? பந்துல வாளி பட்டா, வாளியில கை பட்டா, அப்போ பந்துல கை பட்ட மாதிரிதான். பந்து தானா மேல வரணும். தண்ணி ஏறினா பந்து ஏறும்."

அவ்வளவுதான். தீவே திரண்டது. குடம், அண்டா, சட்டி என்று கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு கடலிலிருந்து தண்ணீர் மொண்டு கிணற்றில் ஊற்றினார்கள். மறுநாள் உச்சிவேளைக்குப் பந்து மேலே வந்தது. ராயப்பன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து காலை விட்டு அதை வெளியே தள்ளினார். ஊரே கை தட்டியது. அன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வைத்தால் உப்புப் போடவேண்டியதில்லை.

ஜெபநேசன் ஓடிவந்து கத்தினார். "யோவ், ஆட்டம் நடக்கும்போதுதான்யா கை படக்கூடாது!"

"அதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் ராயப்பன், வருத்தத்தோடு. "தண்ணி வீணாப் போச்சே."

ஆட்டத்துக்கு முந்தின நாள் ஜெபநேசன் தன் பெரிய தந்திரத்தைச் சொன்னார். எதிரணி பெருமுனைத் தீவு. வேகமாக ஓடுகிறவர்கள். "ஆளுக்கு ஒருத்தனைப் பிடிச்சுக்குங்க. அவன் எங்க போனாலும் நீங்களும் கூடவே போகணும். நிழல் மாதிரி. ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது" என்றார்.

பெருமுனைக்காரர்களை எங்கள் கப்பல்தான் போய் ஏற்றிவந்தது. பலகையில் கால் வைத்து இறங்கியதுமே ஒவ்வொருவன் பக்கத்திலும் ஒரு கிளிஞ்சல்தீவுக்காரன் வந்து ஒட்டிக்கொண்டான். அவன் குளித்தால் இவனும் பக்கத்தில் நின்று குளித்தான். அவன் சாப்பிட உட்கார்ந்தால் இவனும் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். பெருமுனைத் தலைவன் சொம்பை எடுத்துக்கொண்டு தாழம்புதர் பக்கம் ஒதுங்கினான். நெய்னாவும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, இங்கயுமா?" என்றான் அவன், பரிதாபமாக.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி. நான் என் வேலையைப் பாக்கிறேன்" என்றார் நெய்னா.

பெருமுனைக்காரர்களில் ஒருவன் கடல் ஒத்துக்கொள்ளாமல் கப்பலிலேயே படுத்துவிட்டான். அவனுக்கென்று ஒதுக்கப்பட்ட எங்கள் ஆள் என்ன செய்வான்? கப்பலில் ஏறி அவன் பக்கத்தில் படுத்தான். கொஞ்ச நேரத்தில் இவனுக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் நான்தான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். ஒரே வாளியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டதில் நல்ல சிநேகமும் ஆகிவிட்டது. ஆக, மறுநாள் இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர்தான்.

கடற்கரை மணல் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. தீவு முழுக்கக் கரையில் கூடியிருந்தது. சவேரியம்மா முன்வரிசையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். சங்கத்து அதிகாரி நிழலில் நாற்காலி போட்டிருந்தார். நடுவர் ஊதினார். பெருமுனைத் தலைவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். நெய்னா அவன் தோளோடு தோளாக ஓடினார். அவன் வெட்டினால் இவரும் வெட்டினார், நின்றால் நின்றார். பந்தை மட்டும் தொடவில்லை.

"பிடுங்குய்யா!" என்று ஜெபநேசன் கோட்டோரத்தில் குதித்தார்.

நெய்னா ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "கூடப் போகத்தானே சார் சொன்னீங்க? அவரு பொருளை எதுக்குப் பிடுங்கணும்?"

பெருமுனைத் தலைவன் உதைத்தான். பந்து நேராகச் சந்தியாகு நின்ற கோலுக்கு வந்தது. சந்தியாகு என்ன பார்த்தார் தெரியுமா? இரண்டு பக்கமும் கம்பம், மேலே ஒரு குறுக்குக் கட்டை. நிலை. பின்னால் வலை. வீடு. வாசலுக்கு ஒன்று வருகிறது. அவர் சட்டென்று ஒதுங்கி, இடுப்பை வளைத்து, "வாங்க, வாங்க" என்றார்.

பந்து உள்ளே போனது. சந்தியாகு அதைக் கையில் எடுத்துத் தூசி தட்டி, வெளியே கொண்டுபோய் மரியாதையாகக் கொடுத்தனுப்பினார். ஆட்டம் நடக்கும்போது கை படக்கூடாதே என்று நீங்கள் கேட்பீர்கள். கோல்கீப்பருக்கு மட்டும் படலாம் என்று ஜெபநேசன் அதற்குள் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார்.

அப்புறம் ஜெபநேசன் கோலுக்குப் பின்னால் ஓடிப்போய் வலை வழியாகக் கத்தினார். "தடுக்கணும்யா! நீ எதுக்கு நிக்கிறே? தடுக்கத்தானே நிக்கிறே?"

"வாசலுக்கு வந்ததை எப்படிங்க சார் தடுக்கிறது?" என்றார் சந்தியாகு. "என் ஆத்தா என்னை அப்படி வளர்க்கலை. நாளைக்கு நான் ஊர்ல தலை காட்டவேணாமா?"

கரையில் நின்ற சந்தியாகுவின் ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருமை தாங்கவில்லை.

இடைவேளைக்குள் ஒன்பது தடவை பந்து வந்துபோனது. ஒன்பது தடவையும் சந்தியாகு ஒன்றுபோல வரவேற்றார், ஒன்றுபோல வழியனுப்பினார். ஒரு தடவை வேகமாக வந்து வலையைக் கிழித்தபோதுகூட, "பரவாயில்லை, பழைய வலைதான்" என்றார். பெருமுனைக்காரர்களுக்கே கூச்சமாகிவிட்டது.

இடைவேளையில் ஜெபநேசன் மணலில் மல்லாந்து படுத்துவிட்டார். நடுவர் வந்து, "இனிமே பக்கம் மாறி ஆடணும். நீங்க அந்தக் கோல், அவங்க இந்தக் கோல்" என்றார்.

"வீட்டை மாத்திக்கச் சொல்றாரு" என்று ராயப்பன் அணியைக் கூட்டி விளக்கினார்.

சந்தியாகு உடனே ஒரு விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கோலுக்குள்ளே கூட்டி, தண்ணீர் தெளித்து, கம்பத்துக்கு மஞ்சள் தடவினார். திரும்பிப் பார்த்து, "காத்து இங்க நல்லா வருதுண்ணே" என்று கூவினார். விட்டுவந்த பழைய கோலில் பெருமுனையின் கோல்கீப்பர் போய் நின்றுகொண்டான். திவ்யநாதன் என்று பெயர். வாட்டசாட்டமான பையன், நல்ல குடும்பம்.

அப்போதுதான் நெய்னா தாடையைச் சொறிய ஆரம்பித்தார்.

"ராயப்பண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன நெய்னா?"

"அவங்க நம்ம வீட்டுக்கு எத்தனை தடவை வந்துட்டுப் போயிருக்காங்க?"

"ஒன்பது."

"நாம அவங்க வீட்டுக்கு எத்தனை தடவை போனோம்?"

ராயப்பனின் முகம் செத்துவிட்டது. அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று ஒருவன் மூக்கை உறிஞ்சினான்.

"இப்பவே போகணும்" என்றார் ராயப்பன். "எல்லாருமா போகணும். வெறுங்கையோட போகக்கூடாது."

"ஆனா ஆளை விடக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரே?"

"கூட இருக்கணும்னுதானே சொன்னாரு?" என்றார் நெய்னா. "அவங்களையும் கூட்டிட்டுப் போயிடுவோம்."

இரண்டாவது பாதியில் முதல் உதை எங்கள் ஆட்களுடையது. நடுவர் ஊதினார். ராயப்பன் தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு வந்திருந்தார். பந்தைக் காலால் மெதுவாக, முட்டையை உருட்டுகிற மாதிரி தள்ளினார். பின்னால் நெய்னா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நடந்தார். இன்னொருவன் கையில் தேங்காய், இன்னொருவன் கையில் கருவாட்டுப் பொட்டலம். சந்தியாகுவும் தன் புது வீட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார். ஒவ்வொருவரும் போகிற போக்கில் தன் ஆளின் கையைப் பிடித்து, "நீங்களும் வாங்க தம்பி, ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்" என்று அழைத்துக்கொண்டார்கள்.

ஒன்பது கோல் முன்னால் இருப்பவர்களுக்கு வேடிக்கை பார்க்க நேரம் இருந்தது. ஏதோ பரிசு கொடுக்கும் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துப் பெருமுனைக்காரர்களும் கூடவே நடந்தார்கள். ஒருவன் வாழைப்பழச் சீப்பைக் கொஞ்ச தூரம் தானே வாங்கித் தூக்கிவந்தான். இரண்டு அணியும் பேசிச் சிரித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்ததை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

கோலுக்குமுன் வந்து எல்லோரும் நின்றார்கள். ராயப்பன் தொண்டையைச் செருமினார்.

"வீட்ல யாரு?"

திவ்யநாதன் உள்ளே தனியாக நின்றுகொண்டிருந்தான். வயதில் பெரியவர்கள் கையில் தேங்காய் பழத்தோடு வாசலில் நின்று கேட்கிறார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்தப் பையன் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றான். சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். ஆனால் ராயப்பன் அதற்குள் வலது காலை முன்வைத்து, பந்தோடு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். இடம் போதாமல் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

நடுவர் ஓடிவந்தார். யாரும் கை வைக்கவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. ஆஃப்சைடு என்று சொல்லலாமென்றால், பெருமுனை அணி முழுக்கக் கோலுக்குள்தான் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், வேறு வழியில்லாமல் விசிலை ஊதினார். கோல்!

கரையில் எழுந்த சத்தத்தில் நங்கூரம் போட்டிருந்த எங்கள் கப்பலே ஆடியது என்பேன். ஜனாதிபதி தபால் பையை வானத்தில் வீசினார். கப்பலில் படுத்திருந்த இரண்டு பேரும் வாளியை விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜெபநேசன் எழுந்து உட்கார்ந்து, தன்னைத் தானே கிள்ளிப் பார்த்தார். ராயப்பன் வலைக்குள் முழங்காலிட்டு, பந்தின்மேல் நெற்றியை வைத்து, குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். சவேரியம்மாவும் அழுதாள். ஊரே அழுது சிரித்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கிறதற்கு ஒன்றுமில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இவர்களைப் புத்திசாலிகள் என்றே நான் சொல்லியிருப்பேன்.

பெருமுனைத் தலைவன் வாழைப்பழத்தோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். "சரிண்ணே, பந்தைக் குடுங்க. நடுவுல வெச்சு மறுபடி ஆரம்பிக்கணும்" என்று கையை நீட்டினான்.

ராயப்பன் நிமிர்ந்து பார்த்தார். "எங்க கொண்டுபோறே?"

"வெளியே எடுத்துட்டுப் போறேன்."

"வெளியவா!" ராயப்பன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அதன்மேல் குப்புறப் படுத்துவிட்டார். "உள்ள போடுறதுக்கு எனக்கு இருபது வருஷம் ஆச்சு. நீ வந்து வெளிய எடுப்பியா?"

நடுவர் குனிந்தார். "ஐயா, கோல் உங்களுக்குத்தான். யாரும் எடுத்துக்கமாட்டாங்க. பந்தை மட்டும் வெளிய குடுங்க."

"பந்து வெளிய வந்துட்டா அப்புறம் உள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டார் நெய்னா.

நடுவர் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்.

"இதோ பாருங்க, அவங்க ஒன்பது கோல் போட்டாங்க. அந்தப் பந்தெல்லாம் வெளிய வரலையா?" என்றார் நடுவர்.

"வந்துச்சே!" சந்தியாகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தானே எடுத்தேன்! ஒன்பதையும் ஒண்ணுவிடாம எடுத்து வெளிய குடுத்துட்டேன். அங்க எங்க வீட்டுல போய்ப் பாருங்க, உள்ள ஒண்ணும் கிடையாது. கூட்டி வேற வெச்சிருக்கேன்."

கிளிஞ்சல்தீவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கு மெல்ல மெல்ல அவர்களுக்கு விளங்கியது. ஒன்பது வந்தது, ஒன்பதும் போய்விட்டது. இங்கே ஒன்று வந்தது, இன்னும் இருக்கிறது.

"அப்போ நமக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றார் நெய்னா, பயந்துபோன குரலில். "அண்ணே, நாம ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்."

அவ்வளவுதான். பத்துப் பேரும் பந்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டார்கள். பெருமுனைக்காரர்கள் கெஞ்சினார்கள். நடுவர் மிரட்டினார். வேறு பந்து கேட்டால் தீவில் இருப்பதே ஒன்றுதான். பெருமுனைக்காரர்கள் கொண்டுவந்த பந்து பயிற்சியின்போதே கடலோடு போயிருந்தது. ஊர்க்காரர்கள் வலையைச் சுற்றி வந்து நின்று, விடாதே பிடி என்று குரல் கொடுத்தார்கள். சவேரியம்மா கஞ்சி கொண்டுவந்து வலைக் கண்ணி வழியாக ஊட்டிவிட்டாள். கடைசியில் நேரம் முடிந்து நடுவர் நீளமாக ஊதினார். பெருமுனை ஒன்பது, கிளிஞ்சல்தீவு ஒன்று என்று அறிவித்தார். அந்த ஆரவாரத்தில் 'ஒன்று' மட்டும்தான் யார் காதிலும் விழுந்தது.

சங்கத்து அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து, "எப்படியோ ஒரு கோல் போட்டுட்டீங்க. பேர் இருக்கும், பயப்படாதீங்க" என்று ராயப்பனின் கையைக் குலுக்கினார். ராயப்பன் இடது கையைத்தான் கொடுத்தார். வலது கையைப் பந்திலிருந்து எடுக்கவில்லை.

திரும்பிவரும்போது ஜெபநேசன் கப்பல் தளத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பயணி அவரிடம், "ஆட்டம் என்னாச்சு சார்?" என்று கேட்டார். "ஒண்ணுக்கு பூஜ்யம். ஜெயிச்சுட்டோம்" என்றார் ஜெபநேசன்.

போன மாசம் மறுபடி அந்தப் பக்கம் போனோம். இந்தத் தடவை செம்பாறைத் தீவு அணியை ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். இறங்கிப் பார்த்தால், அந்தக் கோலுக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, முன்னால் மூங்கில் தட்டி கட்டி அடைத்திருக்கிறார்கள். தீவிலேயே அடைப்பு என்று ஒன்று வந்தது அதற்குத்தான். உள்ளே பந்து காற்றுப்போய்ச் சப்பையாகக் கிடக்கிறது. பக்கத்தில் சந்தியாகு காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

செம்பாறைத் தலைவன் மைதானத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நாங்க எந்தக் கோல்லங்க போடணும்?"

"அது நிறைஞ்சுபோச்சு தம்பி" என்றார் ராயப்பன், பந்தல் பக்கம் கையைக் காட்டி. முகத்தில் அப்படியொரு திருப்தி. "ரெண்டு பேருமே இந்தப் பக்கமே போட்டுக்கலாம். கடைசியில உள்ள எண்ணிப் பாத்துக்குவோம். யார் போட்டதுன்னு தெரியணும்ல, அதனால புதுசா வாங்கின எங்க பந்துக்கெல்லாம் நீலச் சாயம் பூசி வெச்சிருக்கோம்."

அவன் சிரித்தான். ராயப்பன் சிரிக்கவில்லை. அவன் கையில் இருந்த ஒற்றைப் பந்தையே கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பி, அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றீங்க, ஒரே ஒரு கோல்தான் போடுறதா உத்தேசமா?"